மடிக்காமல் விரித்த தாள்: பெரிய திரையில் வேலை செய்வது குறித்து ஓர் எளிய அறிமுகம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பேருந்தில் செய்தித்தாள் படிப்பவர்கள் அதை முழுதாக விரிப்பதில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தில் இடிக்கும் என்பதால் நான்காக மடித்துக்கொண்டு, ஒரு கால் பகுதியை முடித்ததும் திருப்பி மடித்து அடுத்ததற்குப் போகிறார்கள். முதல் பக்கத்துச் செய்தியின் தொடர்ச்சி ஆறாம் பக்கத்தில் இருந்துவிட்டால், வளைவுக்கு வளைவு சாயும் உடலையும் பிடித்துக்கொண்டு தாளைப் புரட்டித் தேடி எடுப்பதற்குள் முன்பு படித்ததில் பாதி மறந்துவிடும். அதே தாளை வீட்டுக் கூடத்தில் தரையில் விரித்துப் படிப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. மடிக்கணினியின் சிறு திரையில் வேலை செய்வதற்கும் நல்ல பிரிதிறன் கொண்ட பெரிய மானிட்டரில் வேலை செய்வதற்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய இவ்வளவுதான். செய்தி ஒன்றே, மடிப்பதும் பிரிப்பதும்தான் மிச்சமாகிறது.

மொழிபெயர்ப்பதும் மெய்ப்புத் திருத்துவதும் என் தொழில். ஒரு பத்தியை மொழிபெயர்க்கும்போது மூலம், என் வரைவு, கலைச்சொல் பட்டியல், பதிப்பாசிரியர் அனுப்பிய திருத்தக் குறிப்பு என்று குறைந்தது நான்கு கோப்புகள் வேண்டும். சிறு திரையில் இவற்றுள் ஒன்றுதான் ஒழுங்காகத் தெரியும். மற்றவை அதன் பின்னால் ஒளிந்திருக்கும். மூலத்தில் ஓர் ஆண்டையோ ஊர்ப் பெயரையோ பார்த்து, சாளரத்தை மாற்றி, வரைவுக்கு வந்து தட்டச்சு செய்வதற்குள் அது 1897-ஆ 1879-ஆ என்ற ஐயம் எழும். மறுபடியும் திரும்பிப் போக வேண்டும். இந்தப் போக்குவரத்துக்கு ஆகும் நேரம் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள்தான். ஆனால் அந்த விநாடிகளைவிடப் பெரிய செலவு, எதையாவது ஒன்றை மனத்தில் சுமந்துகொண்டே போய்வர வேண்டியிருப்பது.

மனத்தின் அந்தச் சுமைகூடை மிகச் சிறியது. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒருவர் உடனடி நினைவில் ஏறக்குறைய ஏழு உருப்படிகளை வைத்திருக்க முடியும் என்றார். 2001இல் நெல்சன் கோவன் அதை ஆராய்ந்து, உண்மையில் நான்கு அளவில்தான் இருக்கும் என்று குறைத்தார். நம்மிடையே அட்டாவதானிகளும் சதாவதானிகளும் இருந்திருக்கிறார்கள்; 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு விஷயங்களில் ஒருசேரக் கவனம் செலுத்திக் காட்டியதை இன்றும் வியந்து சொல்கிறோம். அதை வியந்து சொல்வதிலிருந்தே அது நம் போன்றவர்களுக்கு வாய்க்காதது என்பது விளங்கும். நாம் நினைவில் வைக்க முடியாததைக் கண்முன் வைத்துக்கொள்வதுதான் வழி.

இங்கே ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். பெரிய திரை இருந்தால் ஒரே நேரத்தில் பல வேலைகள் செய்யலாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். சிந்தனை தேவைப்படும் இரண்டு வேலைகளை நம் போன்றவர்களால் ஒரே கணத்தில் செய்ய முடியாது. மனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது, தாவும்போதெல்லாம் தடுமாறுகிறது. பெரிய திரையின் ஒரு மூலையில் கிரிக்கெட், இன்னொரு மூலையில் வாட்ஸ்அப், நடுவில் கணக்கு என்று வைத்துக்கொள்பவர் முன்பைவிடக் குறைவாகவே வேலை செய்வார். பெரிய திரை உண்மையில் உதவுவது, ஒரே வேலைக்குப் பல தாள்கள் தேவைப்படும் இடத்தில்தான். தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிப்பவரை எடுத்துக்கொள்ளலாம். சிறு விவசாயிகள் கொண்டுவந்து கொடுத்த பசுந்தேயிலையின் எடைக் கணக்கு ஒரு கோப்பில் இருக்கும், குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்ற விற்பனை அறிக்கை இன்னொன்றில், வங்கி அறிக்கை மூன்றாவதில், ஜி.எஸ்.டி. பக்கம் நான்காவதில். நான்கையும் ஒன்றோடொன்று ஒத்துப்பார்ப்பது நான்கு வேலைகள் அல்ல. அது ஒரே வேலை.

இனி இயந்திரத்துக்கு வருவோம். திரை என்பது சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொன்றையும் பிக்சல் என்கிறோம். குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை வரிசை என்ற கணக்குதான் பிரிதிறன். புள்ளிக் கோலம் போடுபவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஏழு புள்ளி ஏழு வரிசையில் ஒரு தாமரை போடலாம்; அதே முற்றத்தில் புள்ளிகளை நெருக்கி இருபத்தொன்றாக வைத்தால், அந்தத் தாமரையையே இன்னும் நுணுக்கமாகப் போடலாம், அல்லது பழைய அளவுப் புள்ளி இடைவெளியையே வைத்துக்கொண்டு முற்றத்தைப் பெரிதாக்கி ஒன்பது தாமரைகள் போடலாம். முதலாவது தெளிவு, இரண்டாவது இடம். மானிட்டர் வாங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இவை இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான்.

எண்ணிக்கையைப் பார்க்கலாம். 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறையில் திரைக்கு 640 புள்ளி, 480 வரிசை. இன்றைய சாதாரண ஃபுல் எச்.டி. திரையில் 1920 புள்ளி, 1080 வரிசை, அதாவது சுமார் 20 லட்சத்து 74 ஆயிரம் பிக்சல்கள். 4கே எனப்படும் திரையில் 3840 புள்ளி, 2160 வரிசை. மொத்தம் சுமார் 83 லட்சம். இது ஃபுல் எச்.டி.யைப் போல் சரியாக நான்கு மடங்கு, பழைய வி.ஜி.ஏ.வைப் போல் சரியாக 27 மடங்கு. இவ்வளவு நுணுக்கமான திரை புதிய கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது. 2001லேயே ஐ.பி.எம். 22 அங்குல அளவில் 3840க்கு 2400 புள்ளிகள் கொண்ட மானிட்டரை வெளியிட்டது. விலைதான் யானை விலையாக இருந்தது.

83 லட்சம் பிக்சல் என்பதை மட்டும் கேட்டுவிட்டு, 4கே திரையுள்ள 15.6 அங்குல மடிக்கணினி ஒன்றை வாங்கினால் நான்கு கோப்புகளை விரித்து வைக்கலாம் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். அவ்வளவு சிறிய பரப்பில் அவ்வளவு புள்ளிகளை நெருக்கும்போது எழுத்து எறும்பளவு ஆகிவிடுவதால், விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் 250 விழுக்காடு பெரிதாக்கிக் காட்டும். 3840ஐ இரண்டரையால் வகுத்தால் 1536. அதே அளவுள்ள சாதாரண ஃபுல் எச்.டி. மடிக்கணினியில் விண்டோஸ் 125 விழுக்காடு பெரிதாக்கும். 1920ஐ ஒன்றேகாலால் வகுத்தாலும் அதே 1536தான். அதாவது, இரண்டு கணினியிலும் ஒரே எண்ணிக்கையில்தான் வரிகள் தெரியும். கூடுதல் விலை கொடுத்தவருக்குக் கிடைத்தது கூர்மை. இடம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை.

இந்த 1536க்கு 864 என்ற அளவைத்தான் நான் 'ஒரு மடிக்கணினி இடம்' என்று மனத்தில் வைத்துக்கொண்டு, வேறு எந்தத் திரையையும் அதைக்கொண்டு அளக்கிறேன். 27 அங்குல 4கே மானிட்டரை 150 விழுக்காட்டில் வைத்தால் 2560க்கு 1440 கிடைக்கும். அது ஏறத்தாழ இரண்டே முக்கால் மடிக்கணினி இடம். 32 அங்குலத்தை 125 விழுக்காட்டில் வைத்தால் 3072க்கு 1728. சரியாக நான்கு மடிக்கணினிகளை இரண்டு மேலே, இரண்டு கீழே அடுக்கியதற்குச் சமம். 43 அங்குல 4கே திரையில் எதையும் பெரிதாக்கவே தேவையில்லை, 100 விழுக்காட்டிலேயே எழுத்து படிக்கும் அளவில் இருக்கும். அப்போது கிடைப்பது ஆறேகால் மடிக்கணினி இடம். இந்த மூன்று அமைப்பிலும் எழுத்தின் உண்மையான உயரம் மடிக்கணினியில் பார்த்த அதே அளவை ஒட்டியே இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கி இடம் பிடிப்பது திருட்டு இடம். மாலைக்குள் கண் அதற்கு வட்டி கட்டும்.

அப்படியானால் புள்ளி நெருக்கத்தால் பயனே இல்லையா என்றால், தமிழில் வேலை செய்பவர்களுக்கு மிகப் பெரிய பயன் உண்டு. நல்ல பார்வையுள்ள ஒருவரால் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறிய முடியும் என்பது கண் மருத்துவத்தின் அடிப்படைக் கணக்கு. 70 செ.மீ. தொலைவில் அது ஏறத்தாழ 0.2 மி.மீ. ஆகும். 24 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டரில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.28 மி.மீ.; ஆகவே எழுத்தின் விளிம்பில் படிக்கட்டு தெரியும். 43 அங்குல 4கேயில் அது 0.25, 32 அங்குலத்தில் 0.18, 27 அங்குலத்தில் 0.16. ஆங்கில எழுத்துக்கு 0.28கூடப் போதும். தமிழ் எழுத்துக்குப் போதாது. 'ஞ', 'ஜ', 'ணை' ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 'ன' எங்கே முடிந்து 'ண' எங்கே தொடங்குகிறது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றிரண்டு பிக்சலாகச் சுருங்கித் தூசு போல் நிற்கும். எல்லாவற்றையும்விடக் கொடியது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும். 'கொடு' என்பதற்கும் 'கோடு' என்பதற்கும் உள்ள வேறுபாடு கொம்பின் தலையில் உள்ள ஒரு சிறு சுழிதான். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் குழப்பம் வராமல் இருக்க, பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பாடுபட்டுச் செய்துவைத்த சீர்திருத்தத்தை ஒரு மட்டமான மானிட்டர் ஒரு நொடியில் அழித்துவிடுகிறது. மெய்ப்புத் திருத்துபவருக்கு என்னைக் கேட்டால், 43 அங்குலத்தைவிட 32 அங்குலத்தையே சொல்வேன். இடம் சற்றுக் குறைந்தாலும் கொம்பு பிசகாது.

பெரிய திரை என்றால் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே பயன்படுத்தலாமே என்று தோன்றுவது இயல்பு, எனக்கும் தோன்றியது. முதலில் 43 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை மேசைமேல் வைத்து மடிக்கணினியோடு இணைத்தேன். படம் வந்தது, ஆனால் சிவப்பு எழுத்துகளின் ஓரம் சாயம் போன துணிபோல் கசிந்திருந்தது, சுட்டி நகர்த்திய பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்தது. கடைக்காரரிடம் கேட்டபோது கேபிளை மாற்றச் சொன்னார், மாற்றியும் மாறவில்லை. இரண்டு காரணங்கள் இருந்தன என்று பின்னர்தான் விளங்கியது. எச்.டி.எம்.ஐ. இணைப்பில் பல பதிப்புகள் உண்டு. 2009இல் வந்த 1.4 பதிப்பு 4கே படத்தை விநாடிக்கு 30 முறை மட்டுமே அனுப்பும். 2013இல் வந்த 2.0 பதிப்புதான் 60 முறை அனுப்பும். என் மடிக்கணினி பழைய பதிப்பு. இரண்டாவதாக, தொலைக்காட்சிகள் திரைப்படத்துக்காகச் செய்யப்படுபவை என்பதால், ஒளியின் அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பக்கத்துப் புள்ளிகளுக்குப் பொதுவாகப் பங்கிட்டுவிடும் வழக்கம் அவற்றில் உண்டு. முகங்களிலும் மலைகளிலும் இது கண்ணுக்குத் தெரியாது. வண்ண எழுத்தில் உடனே தெரியும். சில பெட்டிகளில், உள்ளீட்டின் வகையைக் கணினி என்று மாற்றினால் இந்தப் பங்கீடு நின்றுவிடும். என் பெட்டியில் அந்த வசதி இல்லை. அது கூடத்துக்கே திரும்பிப் போனது. மானிட்டர் வாங்குபவர்கள் தங்கள் கணினியில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பின் 1.2 பதிப்பு அல்லது எச்.டி.எம்.ஐ. 2.0, இவற்றில் ஒன்றோ அதற்கு மேற்பட்ட பதிப்போ இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. கணினிக்குள் படம் வரையும் சாதனம் (கிராஃபிக்ஸ் கார்டு) எவ்வளவு விலையுயர்ந்தது என்பதெல்லாம் விளையாட்டு ஆடுபவர்களின் கவலை. எழுத்துக்கும் கணக்குக்கும் அண்மை ஆண்டுகளின் சாதாரண மடிக்கணினியே போதும்.

அடுத்தது மேசை. திரையின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. அதனால் 43 அங்குலத் திரையின் அகலம் 95 செ.மீ., உயரம் 53 செ.மீ.; 32 அங்குலத்துக்கு அவை 71, 40. பெரியதைக் குறைந்தது 70 செ.மீ. தள்ளி வைத்தால்தான் கழுத்தைத் திருப்பாமல் இரு ஓரங்களையும் பார்க்க முடியும். இரண்டடி ஆழமுள்ள மேசையில் நிறுத்துகாலோடு வைத்தால் திரை மூக்குக்கு நேராக வந்து நிற்கும். சுவரில் மாட்டிவிட்டால் ஓரளவு சரியாகும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. 43 அங்குலத்தில் அதை முழுவதும் கடைப்பிடிக்க முடியாது என்பதால், எப்போதாவது பார்க்க வேண்டியவற்றை மட்டும் மேல்பகுதிக்கு ஒதுக்க வேண்டும். வெள்ளெழுத்துக்காக இரு பகுதிக் கண்ணாடி அணிபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். திரையின் மேல்பாதியைப் படிக்க அவர்கள் முகவாயை உயர்த்தியபடியே உட்கார்ந்திருந்து, சில நாட்களில் பிடரி வலி என்று மருத்துவரிடம் போவார்கள். திரையின் தொலைவுக்கென்றே தனிக் கண்ணாடி போட்டுக்கொள்வது அந்த வலிக்குச் சரியான மருந்து.

மலையில் இருப்பவர்களுக்கு ஜன்னல் ஒரு தனிச் சிக்கல். பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னலுக்கு முன்னால் மேசையைப் போட்டுக்கொள்ள ஆசை வராதவர் இல்லை. ஆனால் மஞ்சு இறங்கும் நாளில் அந்த ஜன்னல் முழுவதும் ஒரே வெள்ளை விளக்காக மாறிவிடுகிறது. அதற்கு எதிரே உள்ள திரை மங்கலாகத் தெரியும், அதற்கு முதுகு காட்டினாலோ அந்த வெண்மை முழுவதும் திரையில் பிரதிபலிக்கும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பிப் போடுவதுதான் தீர்வு. பள்ளத்தாக்கும் வீண் போவதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் உள்ள எதையாவது இருபது விநாடி பார்க்க வேண்டும் என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள், எங்களுக்கு அதற்குத் தேயிலைச் சரிவு இருக்கிறது.

இடம் கிடைத்ததும் முதல் வாரத்தில் எல்லோரும் செய்யும் தவறு, ஒரே சாளரத்தை முழுத்திரைக்கு விரிப்பது. 95 செ.மீ. நீளத்துக்கு ஒரு வரியைப் படிக்க முயன்றால், வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடுவதற்குள் வழி தவறிவிடும். பெரிய திரையைப் பங்கு பிரித்துத்தான் ஆள வேண்டும். விண்டோஸ் விசையையும் அம்புக்குறி விசைகளையும் சேர்த்து அழுத்தினால் சாளரம் பாதியிலோ கால் பகுதியிலோ போய் ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் 11இல் அதே விசையுடன் 'இசட்' எழுத்தை அழுத்தினால் மூன்று பத்திகள் உள்ளிட்ட சில அமைப்புகளைக் காட்டும். இன்னும் நுணுக்கமாகப் பிரிக்க விரும்புவோருக்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் ஃபேன்சிசோன்ஸ் என்ற கருவி உள்ளது. மேக் கணினியில் 2024இல் வந்த செக்வோயா பதிப்பு முதல் இந்த வசதி இயல்பாகவே இருக்கிறது. என் திரையில் நடுப்பத்தி என் வரைவுக்கு, இடப்பத்தி மூலத்துக்கு, வலப்பத்தி மேலும் கீழுமாகப் பிரிந்து கலைச்சொல்லுக்கும் குறிப்புக்கும். எது எங்கே என்பதை ஒருபோதும் மாற்றுவதில்லை. அஞ்சறைப்பெட்டியில் கடுகு எந்தக் கிண்ணத்தில் என்று பார்க்காமலே கை போவதுபோல், கண் தானாகப் போய் விழும் அளவுக்கு அந்த இடங்கள் பழக வேண்டும். நாளொரு அமைப்பாக மாற்றுபவருக்குப் பெரிய திரையின் பாதிப் பயன் போய்விடும். மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் நான் எந்தப் பத்தியும் ஒதுக்கவில்லை. அவை மடிக்கணினியின் சொந்தத் திரையில், பக்கவாட்டில், தலையைத் திருப்பினால் மட்டுமே தெரியும்படி இருக்கின்றன.

ஒரு பெரிய திரைக்குப் பதில் இரண்டு நடுத்தரத் திரைகளை வைத்துக்கொள்வோரும் உண்டு. செலவு குறையலாம், ஆனால் இரண்டும் சேரும் சட்டம் சரியாக மூக்குக்கு நேரே வரும், அல்லது ஒன்று முதன்மையாகி மற்றது கழுத்து திரும்பும் பக்கமாகிவிடும். அகன்ற வளைவுத் திரைகள் பக்கவாட்டில் தாராளமாக இருந்தாலும் உயரத்தில் கஞ்சம். நீண்ட ஆவணம் படிப்பவருக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும் ஊரில், மடிக்கணினி தன் பேட்டரியில் தொடரும், மானிட்டர் மட்டும் சட்டென்று அணையும். அப்போது விரித்து வைத்த எல்லாச் சாளரங்களும் பயந்த ஆட்டுமந்தைபோல் சிறு திரைக்குள் வந்து குவியும். மின்சாரம் வந்ததும் விண்டோஸ் 11 அவற்றைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்ப முயலும். பழைய பதிப்புகளில் நாமேதான் மேய்த்துக்கொண்டு போக வேண்டும். சிறிய யு.பி.எஸ். ஒன்றில் மானிட்டரை இணைத்துவிட்டால் குறுகிய தடைகளில் இந்த அலைச்சல் இல்லை. உறைபனிக் காலத்தில் இரவெல்லாம் வண்டியில் கிடந்த மானிட்டரைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்து உடனே மின்சாரம் கொடுப்பதும் கூடாது. குளிர்ந்த பரப்பில் ஈரம் படியும் என்பதால் சில மணி நேரம் பெட்டியிலேயே விட்டுவைக்க வேண்டும்.

தொழிற்சாலைக் கணக்கு எழுதும் பக்கத்து வீட்டு அண்ணன் முதன்முதலில் என் அறைக்கு வந்தபோது, "என்ன தம்பி, சினிமாக் கொட்டகையிலே உக்காந்து எழுதுறீங்க?" என்றார். இலைக் கணக்கையும் ஏல அறிக்கையையும் அருகருகே வைத்துக் காட்டியபின் சிரிப்பு நின்றது. மறுநாள் ஓர் அளவுநாடாவைக் கொண்டுபோய் அலுவலக மேசையை அளந்தார். ஆழம் இரண்டடிதான்; சுவரோ தகரத் தடுப்பு, ஆணி தாங்காது. ஆகவே 43ஐ விட்டுவிட்டு 32 அங்குலத்தைக் கோயம்புத்தூரில் வாங்கி, பெட்டியைப் படுக்க வைக்காமல் நிறுத்தியபடியே பின்னிருக்கையில் வைத்து மலையேற்றினார். விழுக்காட்டை 125இல் வைத்துக்கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது 150இல் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.